மலைப்பாதையில் ஓடும் பழைய ஸ்விஃப்ட் டீசல்: எந்த டர்போவை மாற்றிப் போடுவது?

கட்டபெட்டு விவசாயி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 2010ஆம் ஆண்டு பதிவான ஸ்விஃப்ட் டீசல் இருக்கிறது. 75 குதிரைத்திறன் தரும் 1.3 லிட்டர் எஞ்சின். சில மாதங்களாக மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும்போது பழைய இழுவை இல்லை. கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் திருப்பி ஆக்சிலேட்டரை மிதித்தால் விசில் ஊதுவது போன்ற சத்தம் கேட்கிறதே ஒழிய வண்டி எழும்புவதில்லை. இறக்கத்தில் நெடுநேரம் காலை எடுத்தபடி வந்துவிட்டு மறுபடி மிதித்தால் பின்னால் நீலப் புகை எழுகிறது. எஞ்சின் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ போய்விட்டது என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள்.

இப்போது ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். அதே எண்ணுள்ள புது டர்போவை வாங்கு என்கிறார் ஒருவர். தண்டும் சக்கரங்களும் அடங்கிய நடுப்பாகமான 'கோர்' மட்டும் மாற்றினால் பாதிச் செலவில் முடியும் என்கிறார் இன்னொருவர். 90 குதிரைத்திறன் எஞ்சினில் வரும், அசையும் இதழ்கள் கொண்ட விஜிடி டர்போவை உடைப்புக் கடையிலிருந்து எடுத்துப் போட்டால் வளைவுகளில் தொய்வே இருக்காது என்று மூன்றாமவர் ஆசை காட்டுகிறார். ஆர்சியை ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்துவிட்டோம். ஆகையால் வண்டியை விற்கும் எண்ணம் இல்லை. எதைத் தேர்ந்தெடுப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

குன்னூர் டாக்சி:

கோர் மட்டும் மாற்றுங்கள், ஐயா. என் டிசையரில் அப்படித்தான் செய்தேன். பர்லியார் ஏற்றத்தில் இன்றுவரை குறை சொல்ல எதுவும் இல்லை.

மேட்டுப்பாளையம் பட்டறை:

ஐயா, எந்த டர்போ என்று பார்ப்பதற்கு முன், பழையது ஏன் போயிற்று என்று தெரிந்தாக வேண்டும். டர்போ தன் ஆயுள் முடிந்து தானாகத் தேய்ந்து போவது குறைவு. அதற்கு வரவேண்டிய எண்ணெய் வராமலோ, வந்த எண்ணெய் அழுக்காக இருந்தோ, வந்தது வெளியேற வழியில்லாமலோ கெட்டுப்போவதுதான் அதிகம். நிமிடத்திற்கு 2 லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுழலக்கூடிய அந்தச் சிறிய தண்டு, தன்னைத் தாங்கும் வளையமான புஷ்ஷின் மேல் நேரடியாக உட்காருவதில்லை, இடையில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. அந்தப் படலம் சில நொடிகள் அறுந்தாலே போதும், புஷ்ஷில் கோடு விழுந்துவிடும். காரணத்தைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலை கொடுத்துப் புது டர்போ போட்டாலும் அதே காரணம் அதையும் தின்றுவிடும்.

முதலில் ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ஓஸைக் கழற்றி, எஞ்சின் குளிர்ந்த நிலையில் டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் சக்கரத்தைக் கையால் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடுவது இயல்பு; எண்ணெய் இல்லாத நேரத்தில் அந்த இடைவெளி கைக்குத் தெரியத்தான் செய்யும், அதை வைத்து டர்போ போய்விட்டது என்று முடிவு கட்டக்கூடாது. தண்டை முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். அந்த ஆட்டம் கைக்குத் தெளிவாகத் தெரிந்தால், பொதுவாக 0.1 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால், தண்டு முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். சக்கரத்தின் இதழ்களின் ஓரம் உறையில் உரசியிருக்கிறதா என்றும் பாருங்கள். உரசியிருந்தால் மேற்கொண்டு விவாதம் தேவையில்லை.

உரசவும் இல்லை, ஆட்டமும் இல்லை என்றால் நீலப் புகைக்குக் காரணம் டர்போவாகவே இல்லாமல் இருக்கலாம். டர்போவிலிருந்து எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்கு எண்ணெய் இறங்கும் குழாயில் எந்தப் பம்பும் கிடையாது. எண்ணெய் தன் எடையால்தான் கீழே இறங்க வேண்டும். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் ப்ரீதர் அடைத்துக்கொண்டு உள்ளே அழுத்தம் ஏறிவிட்டால் எண்ணெய் இறங்க முடியாமல் டர்போவுக்குள்ளேயே தேங்கி, சீலைத் தாண்டி இரு பக்கமும் கசியும். நீங்கள் இறக்கத்தில் காலை எடுத்து வரும்போது டர்போவின் இரு சக்கரங்களின் பக்கமும் காற்றழுத்தம் குறைந்துவிடுவதால் அந்தக் கசிவு அப்போதுதான் அதிகமாகிறது. மலை வண்டிகளில் இதைப் பார்த்துவிட்டு நல்ல டர்போவைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

விசில் சத்தத்தைப் பொறுத்தவரை, டர்போவுக்குப் பிறகு வரும் ஓஸில் சிறு வெடிப்பு இருந்தாலும் அதே சத்தம் வரும், இழுவையும் குறையும். கிளாம்ப்புகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

எல்லநள்ளி ஆசிரியர்:

பட்டறை அண்ணன் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அதோடு, நம் ஊர்களின் உயரம் இந்தத் தேர்வில் என்ன செய்கிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். சமவெளியில் இருப்பவர்கள் தரும் யோசனைகள் இந்த இடத்தில்தான் பிசகுகின்றன.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 320 மீட்டர், கோத்தகிரி சுமார் 1,790, ஊட்டி சுமார் 2,240. காற்றழுத்தம் அடிவாரத்தில் ஏறக்குறைய 0.97 பார் என்றால் கோத்தகிரியில் 0.82, ஊட்டியில் 0.77. டர்போ இல்லாத எஞ்சின் அடிவாரத்திலிருந்து ஊட்டி வருவதற்குள் தனக்குக் கிடைக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. குளிர் காற்று சற்று அடர்த்தியானது என்பதால் நடைமுறையில் இழப்பு கொஞ்சம் குறையும் என்றாலும் போக்கு அதுதான். இந்த ஸ்விஃப்ட்டில், டர்போவுக்குப் போகும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் என்ற மூடியைத் திறப்பது கம்ப்யூட்டர் அல்ல; டர்போ உண்டாக்கும் அழுத்தமே வெளிக்காற்றின் அழுத்தத்தை எதிர்த்து, அந்த மூடியின் கம்பியை அசைக்கும் ஆக்சுவேட்டரைத் தள்ளுகிறது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அது 1 பார் பூஸ்ட்டில், அதாவது வெளிக்காற்றைவிட 1 பார் கூடுதல் அழுத்தத்தில், திறப்பதாக வைத்துக்கொள்வோம். அடிவாரத்தில் டர்போ 0.97 பார் காற்றை எடுத்து 1.97 ஆக்குகிறது, விகிதம் ஏறத்தாழ 2.0. ஊட்டியில் 0.77 பாரை எடுத்து 1.77 ஆக்குகிறது, விகிதம் 2.3. அதாவது எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்று பத்தில் ஒரு பங்கு குறைகிறது, ஆனால் டர்போ செய்யும் வேலை கூடுகிறது. விகிதம் கூடினால் தண்டின் வேகமும் கூடியே ஆக வேண்டும். ஓட்டுபவருக்கு இது தெரியாது; வண்டி கொஞ்சம் சோம்பலாக இருப்பதாக மட்டும் தோன்றும்.

ஆகவே மலைமேல் ஓடும் டர்போ எப்போதும் தன் எல்லைக்குச் சற்று அருகில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. டர்போ சக்கரங்களின் சமநிலை சரியில்லாத மலிவுப் பொருள் திருப்பூரில் ஓராண்டு தாக்குப்பிடிக்கலாம். கோத்தகிரி ஏற்றத்தில் தாக்குப்பிடிக்கும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

டர்போவின் வரலாற்றிலேயே மலைக்கு இடம் உண்டு. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியாளர் சான்ஃபோர்ட் மாஸ், விமான எஞ்சினுக்கான டர்போவை 1918இல் சோதித்துப் பார்த்தது அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள பைக்ஸ் பீக் என்ற 4,300 மீட்டர் சிகரத்தில். மெல்லிய காற்றில் எஞ்சின் இழக்கும் பலத்தை மீட்டுக் கொடுக்கிறதா என்பதுதான் அங்கே பரீட்சை.

பெருமாள்மலை:

விஜிடி பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். கொடைக்கானல் சாலையில் நான் ஓட்டுவது சஃபாரி 2.2 டைகோர் விடிடி. 140 குதிரைத்திறன், டர்போவில் அசையும் இதழ்கள் உள்ள வகை. வத்தலக்குண்டிலிருந்து ஏறும்போது அதன் பயனை மறுக்கவே முடியாது. எஞ்சின் வேகம் குறைந்தவுடன் புகையால் சுழலும் சக்கரமான டர்பைனைச் சுற்றியுள்ள இதழ்கள் வழியைச் சுருக்குவதால், குறைவான புகையிலும் டர்போ வேகம் எடுத்து, வளைவு முடிவதற்குள் இழுவை வந்துவிடுகிறது. உங்கள் 75 குதிரைத்திறன் ஸ்விஃப்ட்டில் 1,800 சுற்றுகளுக்குக் கீழே இருக்கும் அந்தத் தொய்வு எல்லோருக்கும் தெரிந்ததே; உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் அது இன்னும் கொஞ்சம் நீளும்.

ஆனால் அந்த இதழ்களை யார் அசைப்பது? 90 குதிரைத்திறன் எஞ்சினில் கம்ப்யூட்டர் சோலினாய்டு என்ற மின் வால்வு வழியாக வாக்குவத்தை, அதாவது வெற்றிட உறிஞ்சலை, கூட்டியும் குறைத்தும் இதழ்களோடு இணைந்த கம்பியை ஆட்டுகிறது. உங்கள் வண்டியின் கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு கம்பி இருப்பதே தெரியாது. அந்த டர்போவை அப்படியே மாட்டினால் இதழ்கள் ஒன்று திறந்தபடி நிற்கும், அப்போது தொய்வு இப்போதிருப்பதைவிட மோசமாகும். அல்லது மூடியபடி நிற்கும், அப்போது எஞ்சின் வேகம் ஏற ஏற டர்போ கட்டுப்பாடின்றிச் சுழன்று உடையும். பூஸ்ட் அழுத்தத்திலேயே இதழை இழுக்கும் ஆக்சுவேட்டரைப் பொருத்தி ஒப்பேற்றுகிறவர்கள் உண்டு என்றாலும், அது நன்றாக அமைந்தாலும் டீசல் அளவு பழைய கணக்கிலேயே இருப்பதால் கிடைக்கும் பலன் செலவுக்கு ஈடாகாது.

மேலும் விஜிடிக்கு மலையில் ஒரு நோய் உண்டு. ஊருக்குள்ளேயே மெதுவாகவும் குறைந்த தூரமும் ஓட்டினால் இதழ்களின் இடுக்கில் கரி ஏறி அவை ஒட்டிக்கொள்கின்றன. உடைப்புக் கடையில் வாங்கும் டர்போவில் அவை ஏற்கெனவே ஒட்டியிருக்குமா என்பது கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

குன்னூர் டாக்சி:

மலிவுப் பொருள் வேண்டாம் என்பது சரி. ஆனால் கோர் மாற்றுவதையும் அதே கூடையில் போடுவது நியாயமில்லை என்று பணிவாகச் சொல்கிறேன். தரமான கோர், உற்பத்தியாளரிடமே சமநிலை பார்க்கப்பட்டு வருகிறது. கோயம்புத்தூரில் அதைப் பொருத்திக் கொடுப்பவர்கள் சமநிலைச் சோதனைத் தாளையும் சேர்த்தே தருகிறார்கள். ஒரு பொருளின் நல்ல பாகத்தை வைத்துக்கொண்டு கெட்ட பாகத்தை மாற்றுவதில் என்ன தவறு?

கட்டபெட்டு விவசாயி:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பட்டறை அண்ணன் சொன்னபடி எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தோம். தண்டு முன்னும் பின்னும் தெளிவாக ஆடுகிறது. கம்ப்ரஸர் சக்கரத்தின் இதழ் நுனிகள் உறையில் உரசி மழுங்கியிருக்கின்றன. ஓஸில் வெடிப்பு ஏதும் இல்லை. டர்போவுக்கு எண்ணெய் கொண்டுவரும் இரும்புக் குழாயின் உட்புறம் கரி படிந்து துளை சுருங்கியிருக்கிறது, அந்தக் குழாயை இணைக்கும் பான்ஜோ போல்ட்டின் துளையிலும் அதே கரி. வண்டியை எங்களுக்கு விற்றவர் எண்ணெயை எப்போது மாற்றினார் என்பதற்குத் தாள் எதுவும் இல்லை.

90இன் விஜிடியை மறந்துவிட்டேன். மீதமிருப்பது இரண்டு கேள்விகள்: முழு டர்போவா, கோரா? இன்னொன்று, வேஸ்ட்கேட் கம்பியின் நட்டைச் சில சுற்றுகள் இறுக்கினால் மலையில் இழந்த பூஸ்ட்டை மீட்டுவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். ஆசிரியர் சார் போட்ட கணக்கைப் பார்த்தால் அது நியாயமாகத்தானே தோன்றுகிறது?

எல்லநள்ளி ஆசிரியர்:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் என் கணக்கு தவறான பக்கம் இழுத்துச் செல்லப்படுகிறது. ஊட்டியிலும் அடிவாரத்தில் கிடைத்த அதே 1.97 பார் வேண்டும் என்று நட்டை இறுக்கினால் டர்போவின் விகிதம் 2.3இலிருந்து 2.56க்கு ஏறும். அதற்குத் தேவையான தண்டு வேகம் அந்தச் சக்கரத்திற்கு விதிக்கப்பட்ட எல்லைக்குள் இருக்குமா என்பதை நட்டை இறுக்குபவர் எந்தக் கருவியாலும் பார்க்கப் போவதில்லை. இறுக்கிய நட்டோடு நீங்கள் மேட்டுப்பாளையம் இறங்கினால் அங்கே பூஸ்ட் அளவுக்கு மீறி ஏறி, கம்ப்யூட்டர் பலத்தைக் குறைத்துவிடவும் கூடும். தொழிற்சாலையில் அமைத்த கம்பியைத் தொடாமல் இருப்பதே நல்லது. வளைவில் இழுவை வேண்டுமென்றால் முதல் கியர் இருக்கிறது.

மேட்டுப்பாளையம் பட்டறை:

சக்கரம் உரசியிருக்கிறது என்பதே முதல் கேள்விக்குப் பாதி விடை. கோர் மாற்றும்போது பழைய இரண்டு உறைகளும் அப்படியே தங்கிவிடுகின்றன. கம்ப்ரஸர் உறையின் உட்சுவர் உரசலால் அரிக்கப்பட்டிருந்தால் புதுச் சக்கரத்திற்கும் சுவருக்கும் நடுவே இருக்க வேண்டிய மெல்லிய இடைவெளி அகன்றுவிடும். காற்று அந்த வழியே பின்வாங்கி, குறைந்த வேகத்தில் பூஸ்ட் இன்னும் தாமதமாகும். டர்பைன் பக்கத்து வார்ப்பில், வேஸ்ட்கேட் மூடி உட்காரும் இடத்தைச் சுற்றி வெடிப்பு விழுவதும் பழைய வண்டிகளில் சாதாரணம். மூடி சரியாக உட்காரவில்லை என்றால் எத்தனை புதுக் கோர் போட்டாலும் புகை அந்தச் சந்து வழியே போய்விடும்.

டாக்சி தம்பி சொல்வதையும் நான் ஒதுக்கவில்லை. உறைகள் சுத்தமாக இருந்து, கோர் பெயருள்ள இடத்திலிருந்து சமநிலைச் சோதனைத் தாளோடு வந்தால் அது நல்ல வழிதான், நானும் போட்டுக் கொடுக்கிறேன். நான் எதிர்ப்பது, புஷ்ஷையும் சீல் வளையத்தையும் மட்டும் மேசையில் வைத்து மாற்றிவிட்டு, தண்டைச் சமநிலை பார்க்கும் இயந்திரத்தில் ஏற்றாமலே கொடுக்கும் வேலையை. இந்த வண்டியில் உறை உரசியிருப்பதால் முழு டர்போவே என் தீர்ப்பு.

வாங்கும்போது பழைய டர்போவில் உள்ள தகட்டின் எண்ணைக் கடைசி இலக்கம் வரை எழுதிக்கொண்டு போங்கள். இதே 1.3 எஞ்சின் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், விஸ்டா, புன்டோ என்று பல வண்டிகளில் வந்ததால், 2020 ஏப்ரலில் மாருதி டீசலை நிறுத்திவிட்ட பிறகும் பாகங்கள் கிடைக்கின்றன. ஆனால் எஞ்சின் ஒன்றே என்பதற்காக டர்போவின் வாய்களும் ஆக்சுவேட்டர் அமைப்பும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. கடைக்காரர் 'எல்லாம் ஒன்றுதான்' என்று சொன்னால் எண்ணை மறுபடி காட்டுங்கள்.

பெருமாள்மலை:

வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் ஒன்றைத் தள்ளிப்போட வேண்டாம்: இந்த நிலையில் உள்ள டர்போவோடு மலை ஏறாதீர்கள். சீல் முழுவதும் விட்டுப்போனால் எஞ்சின் எண்ணெயே காற்றோடு உள்ளே போய் எரியத் தொடங்கும். அப்போது சாவியைத் திருப்பி அணைத்தாலும் டீசல் எஞ்சின் நிற்காது, தானாகவே வேகம் எடுத்துக்கொண்டே போகும். அப்படி நேர்ந்தால் பிரேக்கை முழுதாக மிதித்து, உயர்ந்த கியரைப் போட்டு, கிளட்சை விட்டு எஞ்சினை அமுக்கி நிறுத்த வேண்டும். ஆனால் வளைவில், பின்னால் பேருந்து வரும்போது, அதைச் செய்யும் நிதானம் எத்தனை பேருக்கு இருக்கும்?

கட்டபெட்டு விவசாயி:

வண்டியை நிறுத்திவிட்டோம். அதே எண்ணுள்ள முழு டர்போவுக்கும், புது எண்ணெய்க் குழாய்க்கும், கேஸ்கெட்டுகளுக்கும் முன்பணம் கொடுத்தாயிற்று. பொருத்தும்போது நான் பக்கத்தில் நின்று எதையெல்லாம் கவனிக்க வேண்டும், அண்ணா?

மேட்டுப்பாளையம் பட்டறை:

குழாயைக் கழுவிப் போடாமல் புதிதாக வாங்கியது நல்லது. உள்ளே இறுகிய கரி எந்தத் திரவத்திலும் முழுதாகப் போகாது. எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, சம்ப்பைக் கழற்றி, எண்ணெய் உறிஞ்சும் வலையையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த எஞ்சினில் எண்ணெய் சுமார் 3 லிட்டர்தான். அதில் அரை லிட்டர் குறைந்தாலும் டர்போவும் டைமிங் செயினும் சேர்ந்தே அவதிப்படும். கையேட்டில் சொன்ன தரத்தையே ஊற்றுங்கள். லாரிக்கு ஊற்றும் தடித்த எண்ணெய் கோத்தகிரிக் குளிர்காலக் காலையில் டர்போவரை போய்ச் சேரவே நேரம் எடுக்கும்.

கேஸ்கெட் வைக்கும் இடத்தில் பசை தடவ விடாதீர்கள். பிதுங்கிய பசை உள்ளே உதிர்ந்து எண்ணெய் வழியை அடைத்த டர்போக்கள் பல என் மேசைக்கு வந்திருக்கின்றன. பழைய சக்கரத்தின் துகள்கள் ஓஸ்களில் தங்கியிருக்கலாம். இன்டேக் வரை ஒவ்வொன்றையும் கழற்றித் துடைக்க வேண்டும். ப்ரீதரையும் அப்போதே சுத்தம் செய்துவிடுங்கள். மாட்டுவதற்கு முன் எண்ணெய்த் துளையில் சிறிது எண்ணெய் விட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்ற வேண்டும். பிறகு எஞ்சினைப் பற்றவிடாமல், எண்ணெய் விளக்கு அணையும்வரை செல்ஃப் மட்டும் அடிக்க வேண்டும். முதல் சில நிமிடங்கள் ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஓடவிடுங்கள்.

மாட்டிய பின்பும் கொஞ்ச தூரம் நீலப் புகை வரும். சைலன்சரில் தேங்கிய பழைய எண்ணெய் எரிந்து தீரும்வரை அது இருக்கும், பயப்பட வேண்டாம். ஏற்றம் முடித்து வீட்டு வாசலில் நிறுத்தியவுடன் அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிடும் பழக்கத்தை வீட்டில் எல்லோரும் பின்பற்ற வேண்டும். சூடேறிய டர்போவில் நின்றுபோன எண்ணெய்தான் பின்னால் அந்தக் கரியாகிறது.

குன்னூர் டாக்சி:

பழைய டர்போவைப் பட்டறையிலேயே விட்டுவிடாதீர்கள், ஐயா. உறை உரசியிருந்தாலும் மாற்றுக்கு எடுத்துக்கொள்பவர்கள் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். சிறு தொகையாவது கழியும்.

மேட்டுப்பாளையம் பட்டறை:

கொடுக்கும் முன் அதிலுள்ள எண் தகட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அசல் தகடு ஒட்டிய நகல் டர்போ சந்தைக்கு வருவது இப்படிப்பட்ட தகடுகளால்தான்.